முதுகும் தோளும்: நாள்பட்ட வலி தணியும் வழிகள்

மூன்று மாதங்களைத் தாண்டியும் விடாத வலியை மருத்துவம் நாள்பட்ட வலி என்று வகைப்படுத்துகிறது. அப்படி நீடிக்கும் வலிகளில் முன்னே நிற்பது இடுப்பையொட்டிய கீழ்முதுகு வலி. கழுத்தும் தோள்பட்டையும் அதற்கு அதிகம் பின்தங்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் உலகில் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்தார்கள். 2050இல் இது 84.3 கோடியாகும் என்பது அதன் மதிப்பீடு. மனிதரை வேலை செய்யவிடாமல் முடக்கும் உடல்நலக் குறைகளில் உலகெங்கும் முதலிடம் இதற்குத்தான். இத்தனை பேருக்கு வரும் வலியாக இருந்தும், அதைத் தணிக்கும் வழி குறித்துப் பரவியிருக்கும் நம்பிக்கைகளில் பல, வலியை நீட்டிக்கவே உதவுகின்றன.

உழைப்பின் சுவடு

மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் சாலையில் இருக்கிறது சமயநல்லூர். அந்த வட்டாரத்து உழைப்பைக் கவனித்தால் முதுகும் தோளும் எப்படியெல்லாம் சோதிக்கப்படுகின்றன என்பது விளங்கும். வைகைப் பாசன வயல்களில் நாற்று நடும் பெண்கள் காலையில் குனிந்தால் வரப்பேறும் வரை நிமிர்வது அரிது. களையெடுப்பும் அப்படியே. மல்லிகைத் தோட்டங்களில் மொட்டு மலர்வதற்கு முன் பறித்தாக வேண்டும். அதனால் விடிவதற்கு முன்பே இடுப்பளவுச் செடிகளுக்கு மேல் குனிந்த வேலை தொடங்கிவிடுகிறது. பரவை காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவர், கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ நெல் மூட்டையை லாரியில் அடுக்குபவர், கட்டடத்தில் 50 கிலோ சிமெண்ட் மூட்டையைத் தோளில் வைத்துப் படியேறுபவர் ஆகியோருக்குச் சுமையும் உடலைத் திருப்பும் அசைவும் ஒன்றாகச் சேர்கின்றன. மதுரை ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்பவர்களுக்குச் சிக்கல் வேறு. தையல் மெஷினில் கழுத்தைக் கவிழ்த்து உட்காருபவர்களும், தினமும் டூவீலரில் நகரத்துக்கு வேலைக்குப் போய்வருபவர்களும் ஒரே நிலையில் உறைந்திருப்பதால் வலி காண்கிறார்கள்.

இருந்தாலும் ஒரே வரப்பில் ஒரே வேலை செய்யும் பத்துப் பேருக்கும் வலி நீடிப்பதில்லை. வந்தவர்களிலும் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குறைந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் ஆண்டுக்கணக்கில் தொடர்கிறது. எனவே சுமையும் குனிதலும் வலியைத் தொடங்கி வைக்கலாம். அது நிலைத்துவிடுவதற்கு வேறு காரணங்களும் சேர வேண்டியிருக்கிறது.

ஸ்கேன் காட்டுவதும் காட்டாததும்

கழுத்திலிருந்து இடுப்பு வரை அசையக்கூடிய 24 முள்ளெலும்புகள் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன. அவற்றுக்கிடையே பெரும்பாலும் ஒவ்வொரு வட்டு, அதாவது டிஸ்க். இதை மக்கள் ஜவ்வு என்றும் சவ்வு என்றும் சொல்வார்கள். வட்டின் நடுவே கூழ் போன்ற பகுதியும் சுற்றிலும் உறுதியான நார் வளையங்களும் உண்டு. மேலும் கீழும் இருக்கும் எலும்போடு அது இறுகப் பிணைந்திருப்பதால், முழு வட்டு தன் இடத்தை விட்டு நழுவுவதில்லை. நார் வளையம் தளர்ந்த இடத்தில் பிதுங்கலாம், அல்லது உட்கூழ் வெளியே கசியலாம். அப்படிப் பிதுங்கிய பகுதி நரம்பின் வேரை அழுத்தி உறுத்தினால் பிட்டத்திலிருந்து காலுக்கு மின்னல் போல இறங்கும் வலி வரும். அதுதான் சயாட்டிகா. கசிந்த கூழை உடலே கரைத்துவிடுவதும் உண்டு. அதனால் இவ்வலி பலருக்கு 6 முதல் 12 வாரங்களுக்குள் அறுவைச் சிகிச்சை இல்லாமலே தணிகிறது.

கீழ்முதுகு வலிக்காரர்களில் சுமார் 90 சதவீதம் பேருக்கு, இந்த இடத்தில் இந்தக் கோளாறு என்று சுட்டிக்காட்டும்படி ஒன்றும் கிடைப்பதில்லை. தசை, தசைநார், மூட்டு, வட்டு ஆகியவற்றின் பங்கு கலந்தே இருக்கும். எம்ஆர்ஐ எடுத்தால் ஏதாவது தெரியத்தான் செய்யும். ஆனால் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமாகாது. முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் வெளியான ஆய்வு, 20 வயதினரில் 37 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்மானம் இருந்ததைக் கண்டது. 80 வயதினரில் அது 96 சதவீதம். வட்டுப் பிதுக்கமும் இளையவர்களில் 30 சதவீதம் பேருக்கு இருந்தது. நரைமுடியைப் போல வயதோடு வருகிற மாற்றம் அது. அறிக்கையில் 'தேய்மானம்' என்று படித்தவுடன் இனிக் குனியக்கூடாது, தூக்கக்கூடாது என்று ஒருவர் தன்னைச் சுருக்கிக்கொண்டால், ஸ்கேனில் தெரிந்ததைவிட அந்தச் சுருக்கமே அதிகக் கேடு செய்கிறது.

வலி ஏன் தங்கிவிடுகிறது

வலி என்பது காயத்தின் அளவுகோல் அல்ல. ஆபத்து இருக்கிறது என்று மூளை எடுக்கும் முடிவு அது. தசையிலிருந்தும் மூட்டிலிருந்தும் வரும் செய்தி தண்டுவடத்தில் நரம்பு மாறி மூளைக்குப் போகிறது. வழியில் அது பெருக்கப்படவும் கூடும், அடக்கப்படவும் கூடும். ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரு அறிஞர்கள் 1965இல் வெளியிட்ட 'கதவு' கோட்பாடு இதைத்தான் சொன்னது. தொடுகையையும் அழுத்தத்தையும் சுமந்து வரும் நரம்புகள் தூண்டப்பட்டால் தண்டுவடத்தில் வலிச் செய்தி மட்டுப்படுகிறது. இடித்துக்கொண்ட இடத்தைக் கை தானாகத் தேய்ப்பதற்கும், ஒத்தடம் இதமளிப்பதற்கும் இது ஒரு விளக்கம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தை 1983இல் கிளிஃபோர்ட் வுல்ஃப் ஆய்வில் காட்டினார். வலிச் செய்தி தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் தண்டுவட நரம்பணுக்களே கூர்மைப்பட்டுவிடுகின்றன. முன்பு வலிக்காத தொடுகைகூட அப்போது வலிக்கும். திருடன் போன பிறகும் இலை அசைந்தாலே குரைக்கும் நாயைப் போல, காயம் ஆறிய பிறகும் எச்சரிக்கை ஓய்வதில்லை. தூக்கமின்மை, மனச்சோர்வு, கடன் கவலை, வேலை போய்விடுமோ என்ற அச்சம், அசைந்தால் முறிந்துவிடும் என்ற பயம் எல்லாம் அந்தக் கூர்மையை ஏற்றுகின்றன. இதனால் வலி கற்பனை ஆகிவிடாது. அது உண்மையான வலிதான். அதைத் தணிக்க முதுகெலும்பை மட்டும் கவனித்தால் போதாது என்பதே இதன் பொருள்.

தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள்

சில வலிகளுக்கு வீட்டு வைத்தியமும் பொறுமையும் பொருந்தாது. முதுகுவலியோடு சிறுநீரோ மலமோ கட்டுப்படாமல் போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது, தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போவது, கால் நாளுக்கு நாள் பலமிழப்பது ஆகியவை அவசர நிலை. தண்டுவடத்தின் கீழ்நுனியில் உள்ள நரம்புக் கொத்து நசுங்கியிருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மாலைக் காய்ச்சல், எடை குறைதல், இரவிலும் ஓயாத வலி ஆகியவை சேர்ந்தால் முதுகெலும்புக் காசநோயையோ புற்றுநோயையோ நினைத்துப் பரிசோதிக்க வேண்டும். எலும்பைத் தாக்கும் காசநோய் நம் நாட்டில் இன்றும் உண்டு. மருந்தால் குணமாகக்கூடியது. சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். விழுந்த பிறகு வந்த வலி, நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவருக்கு வரும் வலி, முதியவருக்குத் திடீரென்று வரும் கடும் வலி ஆகியவற்றில் எலும்பு முறிவு ஒளிந்திருக்கலாம். நாற்பதைத் தொடாதவருக்குக் காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்து, அசைய அசையத் தளர்ந்தால் அது மூட்டழற்சி சார்ந்த முதுகுவலியாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. நடக்கும்போது இடது தோளிலும் கையிலும் வலி வந்து, நின்றால் குறைந்தால், வியர்வையோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால், அது தோளின் வலியல்ல. இதயத்தைப் பார்க்க வேண்டும்.

படுக்கையைவிட நடை நல்லது

முதுகு பிடித்துக்கொண்டால் பாயோடு கிடக்க வேண்டும் என்பதுதான் பழைய அறிவுரை. ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடம் நடத்தி 1995இல் வெளியான ஆய்வு இதைத் தலைகீழாக்கியது. படுத்து ஓய்வெடுத்தவர்களைவிட, வலி அனுமதித்த அளவுக்கு வழக்கமான வேலைகளைத் தொடர்ந்தவர்கள் விரைவில் தேறினார்கள். கடும் வலியில் ஓரிரு நாள் வேலையைக் குறைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் படுத்திருந்தால் தசை பலமிழக்கிறது, மூட்டு இறுகுகிறது, பயம் வளர்கிறது.

நடைக்கும் இப்போது வலுவான சான்று உண்டு. முதுகுவலி வந்து தேறிய 701 பேரைக் கொண்டு ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. சிறிது சிறிதாகக் கூட்டி, வாரம் 5 நாள், நாளுக்கு 30 நிமிடம் வரை நடக்கும்படி அவர்களில் ஒரு பிரிவினருக்கு வழிகாட்டினார்கள். வலி திரும்ப வருவதற்கான இடைநிலைக் காலம் நடந்தவர்களுக்கு 208 நாட்கள், நடக்காதவர்களுக்கு 112 நாட்கள். செலவில்லாத இந்த மருந்துக்குச் செருப்பு ஒன்றே போதும். மதுரை வெயிலில் காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் நடப்பது நல்லது. வயலில் நாள் முழுக்க உழைப்பவர்களுக்குக்கூட இது பொருந்தும். குனிந்த வேலை செய்வதும் நிமிர்ந்து சீராக நடப்பதும் உடலுக்கு ஒன்றல்ல.

முதுகுக்கான பயிற்சிகளில் எது சிறந்தது என்ற போட்டி தேவையில்லை. தொடர்ந்து செய்யக்கூடியதே சிறந்தது. தொடக்கத்துக்கு நான்கு போதும். மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக மார்பை நோக்கி இழுத்துப் பிடிப்பது முதலாவது. முழங்கால்களை மடக்கிப் பாதங்களை ஊன்றி இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குவது அடுத்தது. கையும் காலும் ஊன்றி, முதுகை மேலே வளைத்துப் பின் தொங்கவிடுவது மூன்றாவது. அதே நிலையில் ஒரு கையையும் எதிர்க்காலையும் நீட்டி நிற்பது நான்காவது. ஒவ்வொன்றையும் ஐந்தாறு முறை தொடங்கி வாரந்தோறும் கூட்டலாம். செய்யும்போது லேசாக வலித்தால் பயமில்லை. மறுநாள் வரை கூடுதல் வலி நீடித்தால் அளவைக் குறைக்க வேண்டும், நிறுத்த வேண்டியதில்லை. யோகாசனமும் பயிற்சிகளுக்குச் சமமான பலன் தருகிறது. பிடித்தவர்கள் அதையே செய்யலாம்.

தோள்பட்டை வலியின் இரு வகை

தோள் மூட்டு உடலிலேயே அதிகம் சுழலும் மூட்டு. அதன் ஆழமற்ற கிண்ணத்தில் கையெலும்பை நிறுத்தி வைத்திருப்பவை நான்கு தசைகளின் நாண்கள். தலைக்கு மேல் கை உயர்த்தும் வேலையில் இந்த நாண்கள் நைவதால் வருவது முதல் வகை. கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதி வழியில் வலித்து, முழுதும் தூக்கியபின் குறையும். தானாகத் தூக்க வலித்தாலும் இன்னொருவர் தூக்கிவிட்டால் கை மேலே போகும். இதற்கு நாண்களையும் தோள்பட்டை எலும்பைச் சுற்றிய தசைகளையும் வலுவாக்கும் பயிற்சியே முதல் மருந்து. நாணுக்கு இடம் செய்ய எலும்பைச் சுரண்டும் அறுவைச் சிகிச்சையை, துளையிட்டு மட்டும் மூடிய போலி அறுவையோடு ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு 2018இல் வெளியானது. நோயாளிக்குப் புலப்படும் அளவுக்கு இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

இரண்டாவது வகை ஃப்ரோசன் ஷோல்டர் எனப்படும் தோள் இறுக்கம். மூட்டைச் சுற்றிய உறை தடித்துச் சுருங்கிவிடுகிறது. தலைவாரிக் கொண்டை போட முடியாது, முதுகில் சோப்பு போட முடியாது, பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க முடியாது. இன்னொருவர் தூக்கினாலும் கை ஓரளவுக்கு மேல் போகாது. 40 முதல் 60 வயதுக்குள் அதிகம் வரும். சர்க்கரை நோயாளிகளுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். எனவே தோள் இறுகியவர் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்வது அவசியம். முதலில் வலி கூடும், பிறகு இறுக்கம் நிற்கும், கடைசியில் மெல்லத் தளரும். மூன்று கட்டங்களும் கடக்க ஓராண்டு முதல் மூன்றாண்டு ஆகலாம். தொடக்கத்தில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி வலியைக் குறைக்கிறது. சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும் என்பதை மருத்துவர் கணக்கில் கொள்வார். மேசையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டு வட்டமாக ஆட்டுவது, சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறுவது, துண்டை முதுகுக்குப் பின்னே இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் இழுப்பது ஆகியவை வீட்டிலேயே செய்யக்கூடியவை. வலுக்கட்டாயமாகத் திருகினால் இறுக்கம் கூடும்.

ஒத்தடம், எண்ணெய், தொக்கணம்

நொச்சி இலை ஒத்தடம், வறுத்த தவிட்டு ஒத்தடம், வெந்நீர் ஒத்தடம் எல்லாம் இறுகிய தசையைத் தளர்த்தி இதமளிப்பவை. சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த தோலில் மட்டும் சூடு தெரியாமல் சுட்டுவிடும் அபாயம் உண்டு. சித்த மருத்துவத்தில் எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடும் சிகிச்சைக்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், பிடித்தல், அழுத்தல், இழுத்தல் என அதில் ஒன்பது வகைகள் சொல்லப்படுகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியும் மசாஜை ஏற்கத்தக்க துணைச் சிகிச்சைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி, தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற இடங்களில் பயின்றவர்களிடம் இதைச் செய்துகொள்ளலாம். வலி தணியும் அந்த இடைவெளியை நடைக்கும் பயிற்சிக்கும் பயன்படுத்திக்கொண்டால்தான் பலன் நிலைக்கும்.

சலூனில் முடிவெட்டிய கையோடு கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பது வேறு கதை. கழுத்தெலும்பை ஒட்டி மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வர அது வழி செய்யக்கூடும். பெயர் தெரியாத வலிப் பொடிகளிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி உடனே பறந்துபோகும். பின்னர் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும்.

மாத்திரை முதல் அறுவை வரை

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கான தன் முதல் வழிகாட்டியை வெளியிட்டது. வலியைப் பற்றிய புரிதலூட்டல், பயிற்சி, மசாஜ், மனநல ஆலோசனை வகைச் சிகிச்சைகள், தேவைக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகள் ஆகியவற்றை அது ஏற்றது. இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட், டென்ஸ் எனப்படும் மின்தூண்டல், அபின்வகை மருந்துகள் ஆகியவற்றை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்றது. பல கிளினிக்குகளில் 'கரண்ட் வைப்பது'தான் பிசியோதெரபி என்றாகிவிட்டது. பத்து நாள் கரண்ட் வைத்துவிட்டு ஒரு பயிற்சியும் கற்காமல் வீடு திரும்புபவர் சிகிச்சையின் முக்கியப் பகுதியைப் பெறவே இல்லை.

வலிநிவாரணிகளைக் குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு, சாப்பாட்டுக்குப் பின் எடுக்க வேண்டும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரலாம். வெயிலில் வேலை செய்து உடலில் நீர் வற்றியவர்களுக்கும், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கும் இந்த அபாயம் கூடுதல். ஊசியாகப் போட்டாலும் மருந்து அதுதான்.

வட்டு பிதுங்கிக் காலில் வலி கடுமையாக நீடிக்கும்போது, ஸ்கேனும் பரிசோதனையும் ஒரே நரம்பைக் காட்டினால், அறுவை பற்றி யோசிக்கலாம். 2007இல் வெளியான டச்சு ஆய்வில், சீக்கிரமே அறுவை செய்தவர்களின் கால்வலி விரைவில் குறைந்தது. ஓராண்டு முடிவில், பொறுத்திருந்து தேவைப்பட்டால் மட்டும் அறுவை செய்துகொண்ட பிரிவினரும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்துவிட்டார்கள். கால்வலி இல்லாத வெறும் முதுகுவலிக்கு அறுவையின் பலன் இவ்வளவுகூடத் தெளிவில்லை.

வேலையைத் திருத்துவது

தினமும் வலியை மூட்டும் வேலை மாறாமல் இருந்தால் சிகிச்சை ஓட்டைக் குடத்து நீர்தான். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பண்ணைத் தொழிலாளர்கள் குட்டைப் பிடிக் களைக்கொத்தால் நாள் முழுக்கக் குனிந்து உழைத்து முதுகு கெட்டார்கள். நீண்ட போராட்டத்துக்குப் பின் 1975இல் அந்தக் கருவிக்குத் தடை வந்தது. நிமிர்ந்து நின்று தள்ளும் கோனோ வீடர் நம் வயல்களிலும் களையெடுப்பின் குனிதலைக் குறைக்கிறது. வரிசை நடவு செய்த வயலில்தான் அதை ஓட்ட முடியும். கை நடவே தொடரும் இடத்தில் அரை மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து இடுப்பில் கைவைத்துப் பின்னால் வளைவதும், குனியும் வேலையையும் நாற்றுக் கட்டுச் சுமக்கும் வேலையையும் மாற்றி மாற்றிச் செய்வதும் உதவும்.

சுமை தூக்குபவர் மூட்டையை உடலை ஒட்டிப் பிடிக்க வேண்டும். திரும்பும்போது இடுப்பைத் திருகாமல் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்ப வேண்டும். தரையிலிருந்து எடுப்பதைவிட இடுப்புயர மேடையிலிருந்து எடுத்தால் பாரம் பெருமளவு குறையும். 25 கிலோ அரிசிச் சிப்பத்தை இருவர் சேர்ந்து தூக்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. அந்த இருக்கையில் அவ்வப்போது உட்காருவது ஊழியரின் உரிமை. உட்கார்ந்தே வேலை செய்பவர்களோ அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். இவர்களுக்கு நேரான முதுகைவிட மாறிக்கொண்டே இருக்கும் நிலைதான் நன்மை.

உதவி கிடைக்கும் இடமும் எதிர்பார்ப்பும்

முதல் படி அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். நடக்க முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். கூடுதல் பரிசோதனை தேவைப்பட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: ஆபத்தான காரணம் ஏதும் உண்டா, எந்தப் பயிற்சியை எவ்வளவு செய்வது, எப்போது திரும்பி வருவது.

நாள்பட்ட வலி முழுதாக மறையாமலும் போகலாம். அதனால் முன்னேற்றத்தை வலியின் அளவால் மட்டும் அளக்காமல், செய்ய முடிந்த வேலையாலும் அளக்க வேண்டும். எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது, இரவில் எத்தனை மணி நேரம் தூக்கம் வருகிறது, கை எந்த உயரம் வரை எட்டுகிறது என்பவை நல்ல அளவுகோல்கள். பயிற்சியின் பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். இடையில் சில நாட்கள் வலி பெருகும். அப்போது பயிற்சியைப் பாதியாக்கி, ஒத்தடமிட்டு, இரண்டு மூன்று நாளில் பழைய அளவுக்குத் திரும்பலாம். 12 வாரத்துக்குப் பிறகும் மாற்றமில்லை என்றாலோ, மேலே சொன்ன அபாய அறிகுறிகளில் ஒன்று தலைகாட்டினாலோ மருத்துவரிடம் மறுபடி போய்ப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.